இடக்கையால் எழுதிய இறுதி நூல்: மகாத்மா புலேயின் முதுமையும் நமது கடமையும்

ஆண்டுதோறும் நவம்பர் 28 அன்று மகாத்மா ஜோதிராவ் புலேயின் நினைவுநாளைக் கடைப்பிடிக்கிறோம். 1848இல் புனே நகரத்துப் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியவர், 1873இல் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவியவர், அதே ஆண்டில் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டவர் என்று அவருடைய பணிகளை அடுக்கிச் சொல்கிறோம். ஆனால் 1888 ஜூலை தொடங்கி 1890 நவம்பர் வரையிலான இரண்டு ஆண்டு நான்கு மாத காலத்தைப் பற்றி நமது மேடைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, வருமானம் முற்றாக நின்றுபோய், மருத்துவத்துக்கும் குடும்பச் செலவுக்கும் நண்பர்களின் உதவியை எதிர்பார்த்து அவர் வாழ்ந்த காலம் அது.

அந்தக் காலத்தைப் பேசுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அதுவும் அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டால் வரலாறு முழுமையடையாது. இரண்டாவது, ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உழைப்பவர்களின் முதுமை இன்றும் பெரும்பாலும் அவ்வாறே கழிகிறது. இயக்கத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் அறுபது வயதைக் கடந்து நோயில் விழுந்தால், அவருக்கான மருந்துச்சீட்டு தோழர்களின் கைகளில்தான் சுற்றி வருகிறது. புலேயின் இறுதி ஆண்டுகளை இந்தக் கேள்வியோடு படிக்க முற்படுகிறோம்.

பொருள் ஈட்டத் தெரிந்தவர்

புலே வறுமையில் வாழ்ந்தே பழகியவர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது சரியன்று. 1827இல் மாலி சாதியில் பிறந்த அவருடைய குடும்பம் பூ வணிகத்தாலும் தோட்டத் தொழிலாலும் ஓரளவு வசதி பெற்றிருந்தது. குடும்பப் பெயரான புலே என்பதே பூவிலிருந்து வந்தது. குழந்தைப் பருவத்திலேயே தாய் சிம்னாபாயை இழந்த ஜோதிராவை உறவினரான சகுணாபாய் வளர்த்தார். ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் கல்வி கற்றார். 1840இல் சாவித்திரிபாயை மணந்தார்.

பள்ளிகள் தொடங்கியதற்காகச் சாதிச் சமூகத்தின் நெருக்குதலுக்கு ஆளான தந்தை கோவிந்தராவ், 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். அன்று அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக். அவருடைய குடும்பத்தைச் சேர்ந்த பாத்திமா ஷேக், சாவித்திரிபாயோடு சேர்ந்து பள்ளியில் பணியாற்றினார். குடும்பச் சொத்தின் பாதுகாப்பை இருபத்திரண்டு வயதிலேயே இழந்த ஜோதிராவ், தம் வாழ்க்கைக்குத் தாமே பொருள் தேட வேண்டியவரானார்.

அவர் அதைத் திறம்படச் செய்தார். 1863இல் உலோக வார்ப்புக்குரிய கருவிகளை வழங்கும் வணிகத்தைத் தொடங்கினார். அரசு ஒப்பந்தக்காரராகப் பணிகளை எடுத்தார். முளா முத்தா ஆற்றின் அணைக் கட்டுமானத்துக்கு 1870களில் பொருள்களை வழங்கினார். காத்ரஜ் சுரங்கப்பாதை, எரவாடா சிறை ஆகியவற்றின் கட்டுமானத்துக்கு ஆள்களை அனுப்பும் ஒப்பந்தங்களும் அவரிடம் இருந்தன. புனேவுக்கு அருகே மாஞ்சரியில் 60 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராக இருந்தார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் தம்மை வணிகர், உழவர், நகராட்சி ஒப்பந்தக்காரர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார்.

இவ்வாறு ஈட்டிய பொருள் எங்கே போயிற்று என்பதற்கு அவருடைய வாழ்க்கை வரலாறே விடை. பெண்களுக்கும் மகர், மாங் சாதிப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள். 1855இல் உழைப்பாளர்களுக்கான இரவுப் பள்ளி. கருவுற்ற விதவைகள் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுச் செல்ல 1863இல் தம் வீட்டிலேயே அமைத்த இல்லம். 1857 கிளர்ச்சிக்குப் பின் பள்ளிகளுக்கு ஐரோப்பியர் தந்துவந்த நன்கொடைகள் பெரிதும் வற்றிப்போயின. 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். 1876–77 பஞ்சத்தின்போது பெற்றோரால் காப்பாற்ற இயலாத பிள்ளைகளுக்கு உணவளிக்கும் முகாமைச் சத்தியசோதக் சமாஜம் நடத்தியது. சமாஜத்தின் கூட்டங்கள், வெளியீடுகள், பயணங்கள் எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்பட்டது.

முதுமைக்கென்று அவர் சேர்த்துவைக்கவில்லை. இதைத் தியாகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டு நாம் கடந்துபோகிறோம். சாதிக் கட்டுப்பாட்டை மீறியவருக்கு, முதுமையில் தாங்கிப்பிடிக்கும் சாதி வலைப்பின்னல் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஒருவர் நோயுற்றால் அவரைக் காத்தவை கூட்டுக் குடும்பமும் சாதிப் பஞ்சாயத்தும்தான். அவை இரண்டும் அவருக்கு அடைத்த கதவுகள்.

நோயும் கடனும்: புலேயின் பார்வை

நோயும் அதைப் பற்றிய அச்சமும் ஏழையின் கைப்பொருளை எவ்வாறு கரைக்கின்றன என்பதைப் புலே தம் எழுத்து வாழ்வின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். 1855இல் அவர் எழுதிய ‘திருதீய ரத்ன’ நாடகத்தின் மையமே அதுதான். கருவுற்ற ஓர் உழவர் குலப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு சோதிடன் வருகிறான். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கிரகங்களால் ஆபத்து என்று அச்சுறுத்துகிறான். பரிகாரம் செய்யக் கணவனும் மனைவியும் கடன் வாங்குகிறார்கள். சடங்கும் விருந்தும் முடிந்தபின் கடன் மட்டுமே மிஞ்சுகிறது. இறுதியில் அந்த இருவரும் இரவுப் பள்ளிக்குப் படிக்கச் செல்ல முடிவெடுக்கிறார்கள். பிள்ளைப்பேறு என்ற உடல் சார்ந்த நிகழ்வு, ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் நிகழ்வாக மாறுவதை அந்த நாடகம் காட்டுகிறது. பரிகாரம் கேட்ட சோதிடனின் இடத்தில் இன்று முன்பணம் கேட்கும் கட்டண முகப்பு இருக்கிறது. கடன் வாங்கும் உழவர் குடும்பம் மட்டும் மாறவில்லை.

பொதுப்பணம் யாருக்குச் செல்கிறது என்ற கேள்வியையும் அவர் விடாமல் எழுப்பினார். 1876 முதல் புனே நகராட்சியின் நியமன உறுப்பினராக இருந்த காலத்தில், வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் வருகையை ஒட்டிய வரவேற்புக்கு 1000 ரூபாய் செலவிடும் முன்மொழிவு வந்தது. நியமன உறுப்பினர்கள் 32 பேரில் அதை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அந்தப் பணம் ஏழைகளின் கல்விக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

1883இல் அவர் எழுதி முடித்த ‘ஷேத்கர்யாச்சா ஆசூட்’ (உழவனின் சாட்டை) இன்னும் ஆழமாகச் சென்றது. நிலவரி, உள்ளூர் வரிகள், உப்பு வரி என்று உழவனிடமிருந்து கறக்கப்படும் பணம், வெள்ளை அதிகாரிகளுக்கும் பிராமண அலுவலர்களுக்கும் பெருஞ் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் போவதை அந்த நூல் தோலுரித்தது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஓய்வூதியம் என்பதை ஒரு சாதி, வர்க்கப் பிரச்சினையாக அவர் பார்த்திருக்கிறார். அரசு வேலையில் இருந்தவருக்கு முதுமையில் மாதந்தோறும் பணம் வந்தது. அந்தப் பணத்தை வரியாகக் கொடுத்த உழவனுக்கு முதுமை என்பது பிள்ளைகளின் கையை நம்பியிருப்பது. அல்லது சாகும்வரை மண்வெட்டி பிடிப்பது.

ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த ஓய்வூதியமற்ற வரிசையில் அவரே நிற்க நேர்ந்தது.

1888: பட்டமும் பக்கவாதமும்

1888 அவருடைய வாழ்வில் பொதுமதிப்பின் உச்சத்தைக் கண்ட ஆண்டு. மார்ச் மாதத்தில் கன்னாட் கோமகனுக்குப் புனேவில் அளிக்கப்பட்ட விருந்துக்கு உழவனின் உடையில் சென்று, நாட்டின் உண்மை நிலையை எடுத்துரைத்தார். மே 11 அன்று மும்பையில் நடந்த பெரும் கூட்டத்தில் விட்டல்ராவ் கிருஷ்ணாஜி வண்டேகர் அவருக்கு மகாத்மா என்னும் பட்டத்தை வழங்கினார். ஆலைத் தொழிலாளர்களும் மீனவர்களும் சிறு வணிகர்களும் அவரைத் தங்கள் மூத்தவராக ஏற்றிருந்த காலம் அது.

இரண்டே மாதங்களில், ஜூலையில், பக்கவாதம் அவரைத் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 61.

பக்கவாதத்துக்கு அக்கால மருத்துவத்தில் பயனுள்ள சிகிச்சை எதுவும் இல்லை. இரத்த அழுத்தத்தை அளந்து அறியும் வழக்கமே மருத்துவத்தில் பின்னாளில்தான் வந்தது. ஆகவே மருத்துவம் என்பது பெரும்பாலும் பராமரிப்பாகவே இருந்தது: உடலைப் புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, தூய்மைப்படுத்துவது, செயலிழந்த கையையும் காலையும் அசைத்துப் பழக்குவது. நாள் முழுதும் ஆள் தேவைப்படும் வேலை இது. மாதக்கணக்கில் நீளும் வேலையும்கூட. 57 வயதைக் கடந்திருந்த சாவித்திரிபாயின் தோள்களில் அது விழுந்தது. வளர்ப்பு மகன் யஷ்வந்த் அப்போது பதின்வயது மாணவர்.

சமாஜத்தின் தோழரும் புனேவின் புகழ்பெற்ற மருத்துவருமான விஷ்ராம் ராம்ஜி கோலே அவருக்குச் சிகிச்சை அளித்தார். சாதி மறுப்பு இயக்கத்துக்குள் இத்தகைய ஒரு மருத்துவர் இருந்ததனால்தான் புலேவுக்குத் தகுந்த சிகிச்சை கிட்டியது. இயக்கத்தில் இல்லாத ஓர் உழவன் அதே நோயில் விழுந்திருந்தால் கோலேயைப் போன்ற மருத்துவர் அவன் வீட்டு வாசலுக்கு வந்திருப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம். தனிமனிதத் தொடர்பால் கிடைக்கும் மருத்துவம் தொடர்பு உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும்.

சற்றே தேறியபின் புலே மீண்டும் எழுதத் தொடங்கினார். வலக்கை இயங்கவில்லை. இடக்கையால் எழுதப் பழகினார். அவ்வாறு எழுதி 1889இல் முடித்ததே ‘சார்வஜனிக் சத்யதர்ம புஸ்தக்’. ஆணும் பெண்ணும் சமம், பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் அடிப்படையில் எல்லாருக்குமான ஓர் அறநெறியை வகுக்க முயன்ற நூல் அது. அதை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1891இல் யஷ்வந்த் அதை வெளியிட்டார்.

அதே 1889 பிப்ரவரியில் சமாஜத்தின் முறைப்படி, புரோகிதர் இன்றி யஷ்வந்தின் திருமணத்தையும் நடத்திவைத்தார். பிராமண விதவை ஒருவருக்குத் தம் இல்லத்தில் பிறந்து, 1874இல் தத்தெடுக்கப்பட்டவர் யஷ்வந்த். அவருக்கு ஞானோபா கிருஷ்ணாஜி சசானே என்னும் தோழர் தம் மகளைக் கொடுத்தார். நோய்ப்படுக்கையிலிருந்து நடத்திய அந்தத் திருமணமும் சாதிக்கு எதிரான செயல்பாடே.

நண்பர்களின் கை

உழைக்க இயலாத ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தம் ஏது? தொழில் ஏற்கனவே சுருங்கியிருந்தது. நோய் அதை முற்றாக நிறுத்திவிட்டது. மகனின் படிப்பு, வீட்டுச் செலவு, மருந்து ஆகிய மூன்றும் ஒருசேர நெருக்கின. மும்பையில் கட்டுமானத் தொழிலில் இருந்த தெலுங்கு ஒப்பந்தக்காரர்கள் உள்ளிட்ட சமாஜத் தோழர்கள் நெடுங்காலமாகவே இயக்கத்துக்குப் பொருளுதவி செய்துவந்தவர்கள். ஆனால் நண்பர்களின் உதவி எத்தனை அன்பு மிக்கதாயினும் நிலையான வருமானம் ஆகாது.

இந்த நிலையில்தான் 1890இல் மாமா பரமானந்த் பேனாவை எடுத்தார். பிரார்த்தனா சமாஜத்தைச் சேர்ந்தவரும் பத்திரிகையாளருமான நாராயண் மகாதேவ் பரமானந்த், பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். புலே தம்பதியரின் அரும்பணியையும் அவர்கள் அப்போது இருந்த நெருக்கடியையும் விளக்கி உதவி கோரினார். ஜோதிராவைவிட அவருடைய துணைவியாரே கூடுதல் பாராட்டுக்கு உரியவர் என்னும் கருத்தையும் அதில் பதிவுசெய்தார். சாயாஜிராவ் சமூகச் சீர்திருத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். புலேயை நன்கு அறிந்தவர். ஆனால் அந்த உதவி புலே உயிரோடிருந்தபோது வந்துசேரவில்லை. அவருடைய மறைவுக்குப் பின்னரே சாவித்திரிபாயை அடைந்தது.

1890 நவம்பர் 28 அன்று, 63ஆம் வயதில், புலே காலமானார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பரமானந்தின் கடிதத்தை இரந்து எழுதிய கடிதம் என்று நாம் கருதவில்லை. தோழனின் நோயைத் தன் நோயாக எண்ணிய மனிதரின் செயல் அது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் சமூகத்துக்கு உழைத்த ஒருவருடைய முதுமை, ஒரு நண்பரின் நல்லெண்ணத்தையும் ஒரு மன்னரின் ஈகையையும் சார்ந்து நின்றது என்பதும் உண்மை. கடிதம் எழுத நண்பர் இல்லாதவர் என்ன செய்வார்? மனு காலம் தாழ்ந்து கையெழுத்தானால் என்ன ஆகும்? ஈகைக்கு இந்த இரண்டு குறைகளும் எப்போதும் உண்டு.

வேறு வழி இருக்கக்கூடும் என்பதை உலகம் அதே காலத்தில் காணத் தொடங்கியிருந்தது. புலே இடக்கையால் தம் நூலை எழுதிக்கொண்டிருந்த 1889ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கான முதுமை, உடல் இயலாமைக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய மூவரும் பணம் செலுத்தும் ஏற்பாடு அது. எழுபது வயதைக் கடந்தவருக்கே முதுமைத் தொகை என்பதால் அதன் பயன் குறைவுதான். ஆனால் முதுமையின் நோயும் வறுமையும் அரசின் பொறுப்புக்குள் வரும் என்ற கொள்கை அங்கே சட்டமானது. காலனிய இந்தியாவிலோ அரசு ஊழியருக்கு மட்டுமே ஓய்வூதியம் இருந்தது.

சாவித்திரிபாய்: பராமரித்தவரைப் பராமரித்தவர் யார்?

புலே 1887 ஜூலையிலேயே உயில் எழுதிப் பதிவு செய்திருந்தார். தம் இறுதிச் சடங்கில் பிராமணப் புரோகிதருக்கு இடமில்லை என்றும், யஷ்வந்தே தம் வாரிசு என்றும் அதில் வரையறுத்திருந்தார். தம் உடலைப் புதைக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். அதற்கு நகராட்சி அனுமதி மறுத்ததால் உடல் எரியூட்டப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டியை யார் ஏந்துவது என்று உறவினர்கள் தகராறு செய்தனர். தத்துப் பிள்ளைக்கு அந்த உரிமையில்லை என்றனர். நாற்பது ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத உறவு, சொத்துரிமையின் அடையாளமான சட்டிக்காக வந்து நின்றது. சாவித்திரிபாய் தாமே முன்வந்து சட்டியை ஏந்தி நடந்தார். சிதைக்கும் தாமே தீ மூட்டினார்.

அப்போது அவருக்கு வயது 59. இரண்டரை ஆண்டுகள் நோயாளியைப் பேணிக் களைத்தவர்; சொந்த வருமானம் அற்றவர். எனினும் ஓய்ந்து அமரவில்லை. சமாஜத்தின் தலைமைப் பொறுப்பைத் தாங்கினார். 1893இல் சாஸ்வட்டில் நடந்த சமாஜத்தின் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். யஷ்வந்த் படித்து மருத்துவராகி இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

1897இல் புனேவைக் கொள்ளைநோய் தாக்கியது. நகரைவிட்டு ஓட வசதி படைத்தோர் ஓடினர். சேரிகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் இருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. விடுப்பில் வந்த யஷ்வந்த், நகருக்கு வெளியே, சசானே குடும்பத்தின் தோட்டத்தில் நோயாளிகளுக்கான சிகிச்சை முகாமை அமைத்தார். முண்ட்வாவில் ஒரு மகர் சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்த சாவித்திரிபாய், அவனைத் தம் முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். நோய் சாவித்திரிபாயைப் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று அவர் மறைந்தார். வயது 66.

அறுபத்தாறு வயதுப் பெண் ஒருவர் நோயாளியைச் சுமந்து நடந்ததை நாம் வீரமாகவே நினைவுகூர்கிறோம், அது வீரமே. ஆனால் அந்தச் சிறுவனைக் கொண்டுவர வண்டியோ, ஆளோ, அரசின் ஏற்பாடோ இல்லாத காரணத்தால்தான் அவர் முதுகு தேவைப்பட்டது. சேரிக்கு மருத்துவம் வராத இடத்தில் சேரியை மருத்துவத்திடம் சுமந்து செல்ல யாராவது ஒரு பெண் வேண்டியிருக்கிறது.

பின்னர் யஷ்வந்தும் கொள்ளைநோய் நோயாளிகளுக்குப் பணியாற்றியே உயிரிழந்தார். அவருக்குப் பின் ஆதரவற்று நின்ற மனைவி, புலே வாழ்ந்த வீட்டை விற்க நேர்ந்தது. கதியற்ற நிலையிலேயே அவருடைய இறுதிக்காலம் கழிந்தது. பிறர் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்த வீட்டின் மருமகளுக்கு ஓர் அடைக்கலம் இல்லாமற்போனது. புலேயின் பெயரைச் சொல்லி வளர்ந்த இயக்கங்கள் எதிர்கொள்ள வேண்டிய கசப்பான உண்மை இது.

உழவனின் சாட்டை இன்று

புலேயைத் தம் வழிகாட்டிகளுள் ஒருவராக ஏற்றவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் வெளியான சூத்திரர்கள் பற்றிய தம் நூலைப் புலேவுக்கே காணிக்கையாக்கினார். 1942 முதல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை அவர் வகித்த காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு குறித்து பி.பி. அடார்க்கர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது கூறு, வேலையின்மை, முதுமை, நோய், இயலாமை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையை உறுதிசெய்ய அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறியாக, அதுவும் அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டதாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது.

அந்தக் கூறு இன்று எந்த வடிவில் மக்களை அடைகிறது? 1995இல் தேசிய முதியோர் ஓய்வூதியம் மாதம் 75 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ள வறியவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய். விலைவாசி எத்தனை மடங்கு உயர்ந்தாலும் அந்த 200 ரூபாய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அசையவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதால்தான் அது ஓரளவேனும் பணமாகிறது. புலேயின் சாட்டை சுட்டிய கணக்கு இன்றும் மாறவில்லை: நிலையான அரசு வேலையில் இருந்தவருக்கு அகவிலைப்படியோடு ஓய்வூதியம், வயலிலும் சாக்கடையிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்தவருக்கு 200 ரூபாய்.

மருத்துவத்தில், 2024 முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை ஒன்றிய அரசின் காப்பீடு உண்டு. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பக்கவாதத்தில் விழுந்த புலேவுக்குத் தேவைப்பட்டவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: மாதந்தோறும் மருந்து, வீட்டுக்கே வந்து உடலியக்கப் பயிற்சி தருபவர், புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள், உழைக்க முடியாத காலத்துக்கு வருமானம். அந்தக் காப்பீட்டு அட்டை இவற்றுக்குப் பணம் தராது. இன்று அதே நோயில் விழும் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டிலும் ஒரு சாவித்திரிபாய்தான் கூலியின்றி அந்த வேலையைச் செய்கிறார்.

எழுபது வயது என்ற வரம்பையும் நாம் கேள்விக்கு உள்ளாக்க வேண்டும். புலே 63 வயதிலும் சாவித்திரிபாய் 66 வயதிலும் இறந்தார்கள். இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களின் சராசரியைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு 2018இல் சுட்டிக்காட்டியது. ஒடுக்கப்பட்டோரின் உடல் முன்னதாகவே மூப்படைகிறது, முன்னதாகவே விழுகிறது. அனைவருக்கும் ஒரே வயது வரம்பு என்பது பார்வைக்குச் சமமாகத் தோன்றும். அந்த வயதை எட்டவே முடியாதவர்களுக்கு அதனால் என்ன பயன்?

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். புறநோயாளி மருந்துச் செலவும் வீட்டுப் பராமரிப்பும் பொது மருத்துவத்தின் பகுதியாக வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு வயது வரம்பு தளர்த்தப்பட வேண்டும். நோயாளியை வீட்டில் பேணும் பெண்ணின் உழைப்புக்கு ஊதியம் வழங்கப்பட வேண்டும். இவை சலுகைகள் என்று கருதிக் கை நீட்ட வேண்டியதில்லை. வரி கொடுத்தவர்கள், உழைத்தவர்கள் கேட்கும் கணக்கு இது. புலே கேட்ட கணக்கும் இதுவே.

நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. நமது இயக்கங்களில் முழுநேரமாக உழைக்கும் தோழர்களில் எத்தனை பேருக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது? எத்தனை பேர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்? மூத்த தோழர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த பின்னர் நிதி திரட்டத் தொடங்குகிறோம். சமூக ஊடகத்தில் அவருடைய படத்தோடு வங்கிக் கணக்கு எண்ணைப் பகிர்கிறோம். அது பரமானந்தின் கடிதத்தின் இன்றைய வடிவம். அன்பு குறைவில்லை, ஆனால் காலம் கடந்துவிடுகிறது. மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து முதியோர் மருத்துவ நிதி ஒன்றை ஒவ்வோர் அமைப்பும் முன்கூட்டியே உருவாக்க இயலும். கல்லூரி மாணவத் தோழர்கள் தம் பகுதியில் உள்ள மூத்தவர்களின் ஓய்வூதிய விண்ணப்பத்தையும் காப்பீட்டுப் பதிவையும் முடித்துக் கொடுக்க இயலும். ஒரு நாள் விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் உரிமை இழந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த நவம்பர் 28 அன்று புலேயின் படத்துக்கு மாலை அணிவிப்பதற்கு முன், அதே தெருவில் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரின் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவருக்கு எந்த மருந்து தேவை, அது யார் செலவில் வருகிறது, அவரைப் பேணுபவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்வோம்.